ஹாஸ்யமும் ஐயமும்: தமிழ் நகைச்சுவைப் படங்களில் கடவுள் நம்பிக்கை

1. வினா

தமிழ்த் திரைப்படங்களில் கடவுளைக் குறித்த சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பு, ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) போன்ற சில படங்களை விலக்கிப் பார்த்தால், கதாநாயகனிடம் ஒப்படைக்கப்படாமல் ஹாஸ்ய நடிகனிடமே ஒப்படைக்கப்பட்டு வந்திருக்கிறது. நாயகன் சந்நிதியில் நின்று கண்ணீர் மல்க வேண்டிக்கொள்ளும் அதே படத்தில், வேறொரு தெருவில், வேறொரு வேளையில், நகைச்சுவை நடிகர் ஒரு சாமியாரின் கபடத்தையோ ஒரு சடங்கின் பொருளின்மையையோ எடுத்துக்காட்டிக் கொட்டகை முழுவதையும் சிரிக்க வைப்பார். வேண்டுதலுக்குக் கைகூப்பிய கூட்டமே பரிகாசத்துக்கும் கைதட்டும். இவ்விரண்டு செயல்களும் ஒருவருடைய மனத்தில் ஒரே மாலைப் பொழுதில் எவ்வாறு சண்டையின்றிக் குடியிருந்தன, அந்த ஏற்பாடு பிற்காலத்தில் எவ்வாறு குலைந்தது, குலைந்தபின் ஐயம் என்னவாயிற்று என்பவை இக்கட்டுரையின் வினாக்கள்.

என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நகைச்சுவை, கதையின் ஓரத்தில் ஒரு தனிப்பகுதியாக ஓடியவரை, அதில் எழுப்பப்பட்ட ஐயத்துக்கு விடைகூற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. ஐயம் ஐயமாகவே பார்வையாளனோடு வீட்டுக்குப் போயிற்று. நகைச்சுவையே முழுநீளக் கதையாக வளர்ந்தபோது கதைக்கு முடிவு வேண்டியிருந்தது; முடிவு வேண்டிய இடத்தில், இரண்டொரு விலக்குகள் நீங்கலாக, கடவுள் நேரில் வந்து ஐயத்தைத் தீர்த்துவைத்தார், அல்லது ஐயப்பட்டவன் தண்டிக்கப்பட்டான்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ்ச் சினிமாவைச் சமூக ஆவணமாகக் கொண்டு ஆராய்ந்த அறிஞர்களுள் கார்த்திகேசு சிவத்தம்பி, தியடோர் பாஸ்கரன், எம். எஸ். எஸ். பாண்டியன் ஆகிய மூவருக்கும் நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். சாதி வேறுபாடின்றி எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே காட்சியைக் கண்ட முதல் பொது இடமாகக் கொட்டகையை நமக்குக் காட்டியவர் சிவத்தம்பி, சுதந்திரப் போராட்டக் காலத்தில் நாடகமும் சினிமாவும் செய்தி சுமந்த விதத்தைப் பாஸ்கரன் விரித்துரைத்தார், ‘பராசக்தி’யையும் எம்.ஜி.ஆர். பிம்பத்தையும் அரசியலோடு இணைத்துப் பாண்டியன் ஆராய்ந்தார். இவர்கள் வகுத்த வழியில் நடந்த பலருக்கும் பகுத்தறிவுப் பிரசாரத்தின் ஒரு கருவியாகவே திரையின் நாஸ்திகம் தோற்றமளித்தது. மறுபுறத்தில் ஆஸ்திகத் தரப்பினர், திரை ஹாஸ்யம் நம் சமயத்தைத் தொடர்ந்து இழிவுபடுத்தி வந்திருக்கிறது என்று முறையிட்டு வருகிறார்கள்.

இவ்விரு தரப்பினரும் ஓர் அனுமானத்தில் ஒத்துப்போகிறார்கள்: பரிகாசம் நம்பிக்கைக்குப் பகை என்பது அது. அந்த அனுமானம் தமிழ் இலக்கியச் சான்றுகளோடு பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

3. சினிமாவுக்கு முந்திய நகை

தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்து, அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுவதால் மட்டுமன்றித் தான் எள்ளப்படுமிடத்துத் தானே நகுவதாலும் பிறக்கும் என்று பழைய உரை இரு வகைப்படுத்துகிறது. இந்தப் பாகுபாடு சினிமாவை ஆராய்வதற்கும் கூரிய கருவி என்பது என் எண்ணம். கொட்டகையில் எழும் சிரிப்பு யார்மீது விழுகிறது, சிரிப்பவன்மீதா, திரையிலுள்ள வேறொருவன்மீதா என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது.

கடவுளை எள்ளுவது தமிழ்ப் பக்திக்குப் புதிதன்று. சுந்தரர் இறைவனைத் தோழனாகக் கொண்டு வசைபாடினார். காளமேகம் நிந்தாஸ்துதியை ஒரு கலையாகவே வளர்த்தார். சித்தர்களுள் சிவவாக்கியர் கல்லையும் கோயிலையும் குறித்துக் கேட்ட வினாக்களின் உக்கிரத்துக்கு எந்த மேடைப் பேச்சும் ஈடாகாது. முக்கூடற்பள்ளில் வைணவச் சார்புடைய மூத்த பள்ளியும் சைவச் சார்புடைய இளைய பள்ளியும் சக்களத்திச் சண்டையில் ஒருவர் தெய்வத்தை மற்றவர் சந்தி சிரிக்க ஏசுவதும், ஏசி முடித்தபின் சமாதானமாகிவிடுவதும், அந்நூலைக் கேட்டு மகிழ்ந்த இரு சமயத்தாரும் புண்பட்டதாகத் தெரியாததும் கருதத்தக்கவை. தெருக்கூத்தின் கட்டியங்காரனோ அரசனையும் தேவனையும் ஒரே மூச்சில் கேலி செய்துவிட்டு, அடுத்த நொடியில் அவர்களுக்குப் பராக்குக் கூறுவான். ஆகவே எள்ளல் நம்மிடத்தில் நம்பிக்கையின் எல்லைக்குள்ளேயே ஓர் உரிமையாக நிலைபெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் புதுமை, அந்த உரிமையைக் கையிலெடுத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே நடந்தவர்கள் தோன்றியதுதான்.

4. கிந்தனார்

அவ்வாறு நடந்தவர்களுள் முதல்வர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவருடைய ஹாஸ்யப் பகுதிகள் படத்தின் மூலக்கதையோடு ஒட்டாமல், அவரும் டி. ஏ. மதுரமும் தம் குழுவினரோடு தனியே அமைத்துச் சேர்த்தவையாகப் பல படங்களில் இருந்தன என்பதை நாம் வெறும் தொழில் விவரமாகக் கடந்துவிடலாகாது. படத்தின் முதலாளிக்கோ இயக்குநருக்கோ கட்டுப்படாத இந்தத் தனித்தன்மையே அவருக்குச் சுதந்திரம் அளித்தது. மூலக்கதையில் தெய்வம் அற்புதம் நிகழ்த்திக்கொண்டிருக்கலாம். உபகதையில் அவர் அற்புதத்தின் காரணகாரியத்தை விசாரித்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒன்றையொன்று சந்தியாமலேயே படம் முடிந்துவிடும்.

அவருடைய கலையின் சிகரம் 1949-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் வெளிவந்த ‘நல்ல தம்பி’யில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம். அந்தப் படத்துக்கு எழுதியவர் சி. என். அண்ணாதுரை, மூலக்கரு பிராங்க் காப்ராவின் 1936-ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது. காலட்சேபமோ முற்றிலும் இந்த மண்ணுக்குரியது. நந்தனார் என்னும் திருநாளைப்போவாரின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது, 1935-ல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-ல் ஜெமினி நிறுவனத்தின் தயாரிப்பில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றியிருந்தார்கள். சிதம்பரம் போக அனுமதி கேட்டுப் பண்ணையாரின் முன் நிற்கும் அடியவரின் உருவம் தமிழ்ப் பார்வையாளர் ஒவ்வொருவரின் மனக்கண்ணிலும் இருந்தது. கலைவாணர் அந்த உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சிதம்பரம் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். நந்தன் தரிசனத்துக்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்கித் தூய்மை பெற்றான். கிந்தனோ பட்டணத்துக்கு ரயிலேறிப் போய், படித்து, பதவி பெற்றுத் திரும்புகிறான். எல்லாச் சாதியாரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து அமரும் ரயில் வண்டியே அக்காலட்சேபத்தில் புண்ணிய வாகனமாகிவிடுகிறது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது வடிவத்தைப் பற்றிய விஷயம். பாகவதரின் தோரணை, பின்பாட்டு, கதையை நிறுத்தி உபகதைக்குத் தாவும் முறை, ராகம் மாறும் இடங்கள் ஆகிய யாவும் காலட்சேப சம்பிரதாயத்துக்குப் பழுதில்லாமல் அமைந்திருக்கின்றன. கலைவாணர் பாகவதரைக் கேலி செய்யவில்லை, பாகவதராகவே ஆகிவிடுகிறார். பக்தியின் ஏக்கத்தை அவர் பொய்யென்று தள்ளாமல், அந்த ஏக்கம் செல்லவேண்டிய திசை எது என்று மட்டும் கேட்கிறார். கடவுள் இருக்கிறாரா என்ற விவாதம் எழவே இல்லை. கடவுளைக் காண ஒருவனுக்கு அனுமதி தேவைப்பட்ட ஊரில் நாம் எப்படி இத்தனை காலம் உருகி உருகிக் கதை கேட்டுக்கொண்டிருந்தோம் என்ற நாணமே கேட்பவரிடம் எழுகிறது. சிரிப்பு சிரிப்பவர்மீதே விழுகிறது. உரையாசிரியர் சொன்ன இரண்டாவது எள்ளலுக்குத் தமிழ்த் திரையில் இதனினும் தூய உதாரணத்தை நான் கண்டதில்லை.

5. மோகனசுந்தரத்தின் நாவும் உடலும்

எம். ஆர். ராதா நெடுநாள் மேடையில் நடித்து, 1954-ல் திரைக்குக் கொண்டுவந்த ‘ரத்தக்கண்ணீர்’ வேறொரு சிக்கலை நம்முன் வைக்கிறது. திருவாரூர் தங்கராசு எழுதிய இக்கதையில் ஐயப்படுகிறவனே கதாநாயகன். ஆகவே அவனுடைய ஐயத்துக்குக் கதை ஒரு கதியைக் காட்டியாக வேண்டும். அயல்நாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் தாயின் ஆசாரங்களையும் ஊராரின் சம்பிரதாயங்களையும் ஏளனம் செய்கிறான். தாசி காந்தாவின் வலையில் விழுந்து, பொருளிழந்து, குஷ்டரோகியாகித் தெருவுக்கு வருகிறான். இறுதியில் தன்னைப் போன்றோருக்கு எச்சரிக்கையாகத் தன் உருவத்தையே சிலையாக நிறுத்தச் சொல்லி மடிகிறான். பெரியாரின் அணுக்கத் தொண்டர்கள் படைத்த கதையின் எலும்புக்கூடு, செய்த பாவத்துக்கு உடலில் தண்டனை என்னும் பழைய கர்மவிதியாகவே அமைந்துவிட்டது. முற்போக்காளர் சிலர் இதை ஒரு சமரசமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு.

ஆயினும் கொட்டகையில் நிகழ்ந்தது வேறு. அழுகிய உடலோடு திண்ணையோரத்தில் கிடக்கும் மோகனசுந்தரத்தின் நாக்கு அழுகவில்லை. பிச்சையெடுக்கும் நிலையிலும் அவன் போவோர் வருவோரின் பக்தியையும் தானதர்மத்தையும் பகுத்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். செல்வனாக இருந்தபோது அவன் செய்த ஏளனத்தில் ஆணவம் இருந்தது, ரோகியானபின் செய்யும் ஏளனத்தில் அனுபவம் இருக்கிறது. தலைமுறைகள் கடந்து இன்றும் மக்கள் ராதாவின் குரலை மிமிக்ரி செய்து மகிழ்வது அந்த நாவுக்காகவே; தண்டனையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ராதாவின் நாடகங்கள், குறிப்பாக அவருடைய இராமாயண நாடகம், அக்காலத்து ஆட்சியாளரைக் கலங்கச் செய்தன. 1954-ல் சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று பிறந்ததற்கு அவரே முதற்காரணம் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. பத்திரிகையாளரும் நாடகாசிரியருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்க்கும் வரையில், ஏறத்தாழ அறுபதாண்டுகள் அது ஏட்டில் உயிரோடிருந்தது. ஒரு ஹாஸ்ய நடிகனின் வாய்க்கு ஓர் அரசு இத்தனை மதிப்பளித்தது பெருமையோடு நினைக்கத்தக்கது.

6. தருமியின் சந்நிதி

1965-ல் இரண்டு படங்கள் வந்தன. வங்கத்தில் சத்யஜித் ராய் பரசுராமின் சிறுகதையை ‘மகாபுருஷ்’ என்று படமாக்கி, யுகங்களைக் கடந்து வாழ்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு போலிச் சாமியாரை நையாண்டி செய்தார். தமிழகத்தில் ஏ. பி. நாகராஜன் ‘திருவிளையாட’லில் சிவபெருமானையே ஹாஸ்யத்தின் எதிர்முனையில் நிறுத்தினார். மதுரைக் கோயில் மண்டபத்தில் தனக்குத்தானே புலம்பும் நாகேஷின் தருமி, ஆயிரம் பொற்காசுக்கு ஏங்குகிற ஏழை. தன்முன் நிற்கும் புலவன் இறைவனென்று அறியாமல் அவனைச் சோதிக்கிறான், சந்தேகிக்கிறான், சபையில் அவமானப்பட்டபின் கோபிக்கவும் செய்கிறான். தெய்வத்தின் இருப்பைப் பற்றி அவனுக்கு ஐயமில்லை. தெய்வம் தன் பொருட்டு அக்கறை கொள்ளும் என்பதில்தான் அவனுக்கு நம்பிக்கையில்லை. வறியவனுடைய ஐயம் பெரும்பாலும் இவ்வகையினதே.

அதே கதையில் இயக்குநர் நாகராஜன் தாமே ஏற்று நடித்த நக்கீரர், நெற்றிக்கண்ணைக் கண்டபோதும் தம் தீர்ப்பினின்று வழுவாமல் நிற்கிறார். அவருடைய எதிர்ப்பு கம்பீரமானது; ஆனால் அது புலமையின் எதிர்ப்பு. இருவருக்கும் இடையில் மக்கள் தம் நெஞ்சுக்கு நெருக்கமாகத் தேர்ந்துகொண்டது தருமியைத்தான். பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த கட்சி ஆட்சிக்கு வர இரண்டாண்டுகளே இருந்த வேளையில் இந்தப் பக்திப்படம் பெருவெற்றி பெற்றதை முரண் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது முரணாகப் படவில்லை. அண்ணாதுரையே திருமூலரின் வாக்கைக் கைக்கொண்டு, குலமும் ஒன்று தேவனும் ஒருவன் என்று நாஸ்திகத்தின் விளிம்பைத் தணித்துவிட்டிருந்தார்.

7. கடவுள் கதைக்குள் குடிவந்தது

எழுபதுகளிலும் அதன்பின்னும் வந்த பல படங்களைச் சுருக்கமாகவே குறிப்பிட்டால் போதும். ‘ருத்ரதாண்டவ’த்தில் (1978) வி. கே. ராமசாமி சிவனாகவும் நாகேஷ் பூசாரியாகவும் சம்வாதம் செய்தனர். சின்னக்கலைவாணர் என்று அழைக்கப்பட்ட விவேக், நூற்றுக்கணக்கான உதிரிப்பாகங்கள் ஓட்டாத லாரியை ஓர் எலுமிச்சம்பழம் ஓட்டிவிடுமா என்ற பாங்கில் கேட்ட கேள்வியைத் தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகள் இன்றும் ஒளிபரப்பி வருகின்றன. கலைவாணரின் உபகதை மரபு விவேக்கோடு ஏறக்குறைய முடிந்தது என்பேன். அதன்பின் ஹாஸ்ய நடிகர்களே கதாநாயகர்களாகிவிட்டார்கள்.

அந்த மாற்றத்தின் தெளிவான அடையாளம் சிம்புதேவன் இயக்கிய ‘அறை எண் 305-ல் கடவுள்’ (2008). திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வேலையின்றி, வாடகை பாக்கியோடு, மேன்ஷன்காரரின் ஏச்சுக்கு அஞ்சி வாழும் இரண்டு இளைஞர்கள் (சந்தானமும் கஞ்சா கருப்பும்) கடவுளைத் திட்டித் தீர்க்கிறார்கள். கடவுள் பிரகாஷ்ராஜ் உருவில் அவர்களுடைய அறைக்கே வந்துவிடுகிறார். மேன்ஷனின் குறுகிய அறை, கொடியில் தொங்கும் உடை, நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பும் முகம் ஆகியவற்றில் உள்ள மெய்ம்மை போற்றத்தக்கது. கடவுளின் சக்தியை அவர்கள் திருடிவிட, கடவுள் மனிதனாகவே தங்கி மேன்ஷன்வாசிகளுக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறுகிறார். இங்கே என் மறுப்பு ஒன்று உண்டு. வேலையின்மை என்பது ஒரு சமூக அநீதி. அதை முன்னிட்டு எழுந்த ஐயம், கடவுளின் இனிய பேச்சில் தனிமனிதனின் ஒழுக்கக் குறையாக மாறிவிடுகிறது. கேள்வி கேட்டவர்கள் திருந்துகிறார்கள். கேள்வியின் காரணம் திருந்தவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 தீபாவளியன்று, தொற்றுநோய்க் காலத்தில், ஆர். ஜே. பாலாஜியும் என். ஜே. சரவணனும் இயக்கிய ‘மூக்குத்தி அம்மன்’ இணையவழி வீடுகளுக்குள் வந்தது. கலைவாணரின் ஊராகிய நாகர்கோவிலே இதன் களம். எங்கெல்ஸ் ராமசாமி என்ற பெயருடைய உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர், திருப்பதிப் பயணம் ஒவ்வொரு முறையும் தடைப்படும் குடும்பம், ஊர்வசி நடித்த தாய், கவனிப்பாரற்ற குலதெய்வம் என்று கதை எழும்புகிறது. பெருந்தெய்வத்தின் மலையைநோக்கிக் கண்ணை வைத்திருந்தவர்கள் தம் குடிக்குரிய சிறுதெய்வத்தை மறந்துபோனார்கள் என்பது ஆழமான சமூக உண்மை. நயன்தாரா நடித்த அம்மன் தன் கோயிலுக்குப் பெயர் வேண்டுமென்று கேட்பதும், பெயர் வந்ததும் கூட்டமும் உண்டியலும் வியாபாரமும் பின்தொடர்வதும் படத்தின் மிகச்சிறந்த பகுதி. நம்புகிற நம்மைப் பார்த்தே நாம் சிரிக்கிறோம். பின்னர் நிலத்தின்மீது கண்வைத்த பகவதி பாபா வந்து சேர்ந்ததும், சிரிப்பு நம்மை விட்டு நீங்கி அவர்மீது குவிந்துவிடுகிறது. போலியை அம்மனே எதிர்த்து நிற்பதால், அம்மனைப் பற்றிய கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. எங்கெல்ஸ் என்ற பெயரின் ஐயமும் அத்தோடு அடங்குகிறது.

இந்தியில் ‘ஓ மை காட்’ (2012), ‘பி.கே.’ (2014) ஆகிய படங்களும் இதே வழியில் நடந்தன. இடைத்தரகனைத் தாக்கிக் கடவுளைக் காப்பாற்றுவது நம் காலத்து நகைச்சுவைப் படத்தின் பொது விதியாகிவிட்டது. அவ்விதி பாதுகாப்பானது, பொருளீட்டவும் வல்லது. ஆனால் போலிச் சாமியாரைக் கண்டு சிரிக்கும் நாஸ்திகனும் ஆஸ்திகனும் தத்தம் இடத்திலிருந்து ஓர் அங்குலமும் நகரவேண்டியதில்லை.

8. விலக்கு

2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ இவ்விதிக்கு விலக்கு. கமல்ஹாசன் எழுத, மதன் வசனம் அமைக்க, சுந்தர் சி. இயக்கிய இப்படம், புவனேசுவரத்தில் மழைவெள்ளத்தால் சிக்கிக்கொண்ட இருவர் சென்னைக்குத் திரும்பும் பயணக் கதை. விபத்தில் முகம் சிதைந்த பொதுவுடைமைவாதி நல்லசிவம் நாஸ்திகன். அவனைப் பேணி உயிர்ப்பித்தவர்களோ கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகள். தொழிலாளரின் கூலியை மறுக்கும் முதலாளி கந்தசாமிப் படையாட்சி (நாசர்) வாய் ஓயாத சிவபக்தர். இந்த அமைப்பிலேயே பக்தி, அறம் ஆகிய இரண்டின் உறவு ஒருவழிப்பட்டதன்று என்பது நிறுவப்பட்டுவிடுகிறது.

இரத்தம் கொடுத்தும் பிழைக்காத ஒரு சிறுவனுக்காக மாதவனின் அன்பரசு அழும்போது, யாரென்றே அறியாத உயிருக்காகக் கண்ணீர் விடும் மனத்தையே நல்லசிவம் கடவுளாகக் காண்கிறான். அதுவரை இருவரிடையே நடந்த ஹாஸ்யமெல்லாம் அந்தக் கணத்துக்கான ஆயத்தம் என்பதை அப்போது உணர்கிறோம். முடிவில் எந்த அற்புதமும் நிகழவில்லை. கொல்ல வந்தவன் மனம் மாறி விட்டுச் செல்கிறான்; நல்லசிவம் நாஸ்திகனாகவே, தன் வழியே, நடந்து போகிறான். அவனைத் தண்டிக்கவும் இல்லை, மனம் மாற்றவும் இல்லை. ஐயப்படுகிறவனை ஐயத்தோடேயே வாழவிட்ட முழுநீளத் தமிழ் நகைச்சுவைப் படம் என்று இதற்கு இணையாக வேறொன்றை நான் அறியேன். கொட்டகையில் அது தோல்வியுற்றுத் தொலைக்காட்சியின் வாயிலாகப் பின்னர் மக்கள் நெஞ்சில் குடியேறியது. அண்ணாதுரை கைக்கொண்ட திருமூலரிடமே இப்படமும் தன் பெயரை வாங்கிக்கொண்டது. தமிழ் நாஸ்திகம் தனக்குச் சொல் தேவைப்பட்ட போதெல்லாம் திருமந்திரத்தின் வாசலுக்கே போயிருக்கிறது. ஐந்தாண்டு கழித்து வந்த ‘தசாவதார’த்தின் இறுதியில், கடவுள் இருந்தால் நல்லதுதானே என்ற பொருள்படக் கமல் பேசுவது புகழ்பெற்றது, என்றாலும் ‘அன்பே சிவ’த்தின் திண்மை அதில் இல்லை.

9. மற்றைச் சமயங்கள்

தமிழ் ஹாஸ்யம் ஒரு சமயத்தை மட்டுமே சீண்டுகிறது என்ற முறையீட்டை முற்றிலும் தள்ளிவிட முடியாது. நம் படங்களில் நகைச்சுவையோடு கூடிய ஐயத்துக்கு இடமளிக்கப்பட்ட மாந்தர் ஏறக்குறைய அனைவரும் இந்துக்களே. அதற்குப் பகைமையைக் காரணமாகக் காட்டுவோர், படைத்தவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலோர் அச்சமயத்தில் பிறந்தவர்கள் என்பதையும், தன் வீட்டைப் பற்றித்தான் ஒருவன் உரிமையோடு பேச முடியும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தணிக்கை விதிகளும் சமயக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சிக்கும் சொல்லுக்கும் இடமளிப்பதில்லை. சிறுபான்மையோரைப் பற்றி எழுதும்போது எழுதுவோனின் கை இரட்டிப்பாக நடுங்குகிறது. இங்கிலாந்தின் மாண்டி பைத்தான் குழுவினர் எடுத்த ‘லைஃப் ஆஃப் பிரையன்’ (1979) ஏசுவைத் தொடாமல், கண்டவரையெல்லாம் ரட்சகராக்கத் துடிக்கும் கூட்டத்தையே பரிகசித்தது. அப்படியிருந்தும் அயர்லாந்திலும் நார்வேயிலும் தடைசெய்யப்பட்டது.

இருந்தும் அண்டை மாநிலத்தில் ரஞ்சித் ‘பிராஞ்சியேட்டன் அண்ட் தி செயின்ட்’ (2010) என்ற படத்தில், மம்முட்டி நடித்த திருச்சூர் அரிசி வியாபாரியை அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸோடு உட்கார்ந்து வழக்காட வைத்தார். அது சிரிப்பும் பரிவும் கலந்த படைப்பு. தமிழ்க் கிறிஸ்தவரின், தமிழ் முஸ்லிமின் உள்ளிருந்து எழும் இத்தகைய நகைச்சுவை நம் திரைக்கு வரவில்லை. அதனால் நேரும் நஷ்டம் அச்சமூகங்களுடையது மட்டுமன்று, தமிழ் ஹாஸ்யத்துடையதும்கூட.

10. பெரும்பாக்கத்திலிருந்து

நான் வாழும் பெரும்பாக்கத்தில், தொல்காப்பியத்தை ஆராயும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகம் ஒருபுறமும், கூவம் முதலிய ஆற்றங்கரைகளிலிருந்து குடிபெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் எட்டடுக்குக் குடியிருப்புகள் மறுபுறமுமாக இருக்கின்றன. அக்கட்டடங்களின் இடைவெளிகளில், தகரக் கூரையின் கீழ், செங்கல் மேடைமீது, பழைய தெருவிலிருந்து கையோடு கொண்டுவந்த அம்மன் படங்கள் இருக்கின்றன. சட்டத்தின் மூலையில் பழைய விளக்கின் கரி இன்னும் படிந்திருக்கிறது, புதிய குங்குமம் அதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுவேலைக்குச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் போய்த் திரும்பும் ஒரு மூதாட்டி, மாடிப்படி ஏறுமுன் அம்மனெதிரே நின்று, “நீ மட்டும் கீழயே சௌக்கியமா உட்கார்ந்துட்ட, எங்களத்தான் மேல ஏத்திட்ட” என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டிருக்கிறேன். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுந்தரரும் காளமேகமும் அறிந்த நகை அது. கிந்தனாரின் பாகவதரும் அறிந்திருப்பார்.

மூக்குத்தி அம்மனின் தீராத வினா இங்கேதான் உயிரோடிருக்கிறது. ஊரை இழந்தவர்களோடு தெய்வமும் இடம்பெயர்கிறதா, பெயர்த்தவர்களைத் தெய்வம் ஏன் கேட்கவில்லை என்பவை போலிச் சாமியார் ஒருவரை அம்பலப்படுத்துவதால் தீர்ந்துபோகும் கேள்விகள் அல்ல. தாம்பரம் வித்யாவிலும் குரோம்பேட்டை வெற்றியிலும் படம் பார்க்கும் இம்மக்களின் வாயில் நாள்தோறும் புழங்கும் இந்த எள்ளலைச் செவிசாய்த்துக் கேட்டு, முடிவில் கடவுளைக் கூட்டிவந்து கேள்வியை அடக்கிவிடாமல், கேட்டவளைத் திருத்தவும் முயலாமல் ஒரு முழுப்படம் எழுத நம் இளம் இயக்குநர்கள் முன்வர வேண்டும். எழுதத் தொடங்குமுன் ‘நல்ல தம்பி’யின் காலட்சேபத்தை ஒருமுறை முழுமையாகப் பார்க்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.